முதல் ஆப்பிரிக்க சஃபாரி: கென்யாவா, தான்சானியாவா, தென்னாப்பிரிக்காவா?

எங்கள் முதல் சஃபாரி கென்யாவில், ஓர் ஆகஸ்ட் மாதம். ஆறு இரவு, நான்கு இடம். அம்போசெலி, நைவாஷா, நகுரு, மசாய் மாரா என்று ஏற்பாட்டாளர் போட்டுக்கொடுத்த அட்டவணையைப் பார்த்தபோது, கொடுக்கும் காசுக்கு நிறையவே கிடைப்பதாகத் தோன்றியது. அங்கே போன பிறகுதான் கணக்கு புரிந்தது. அம்போசெலியிலிருந்து நைவாஷா போய்ச் சேர ஒரு பகல் முழுக்க வேனில் போயிற்று. அப்பாவுக்கு மூன்றாம் நாளே முதுகு பிடித்துக்கொண்டது. பயணத்தின் உச்சம் என்று சொல்லப்பட்ட மாராவுக்குக் கிடைத்தது இரண்டே இரவு. கிளம்பும் காலையில், ஒரு மரக்கிளையில் சிறுத்தை ஒன்று இரையைத் தொங்கவிட்டுப் படுத்திருந்தது. ஓட்டுநர் கடிகாரத்தைப் பார்த்தார். மாராவில் நுழைவுச்சீட்டுக்கு நேரக் கணக்கு உண்டு, நேரம் தாண்டினால் இன்னொரு நாள் கட்டணம். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் புறப்பட்டோம்.

இரண்டு வருடம் கழித்து தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவுக்குப் போனோம். அதுவும் ஆறு இரவுதான். ஆனால் இரண்டே முகாம், நானே ஓட்டிய வாடகைக் கார். இந்த இரண்டையும், தங்கை குடும்பம் போய்வந்த தான்சானியாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். முதல்முறை போகிறவர்கள் எல்லோரும் எந்த நாடு என்றே கேட்கிறார்கள். எந்த மாதம் போக முடியும், வண்டியை யார் ஓட்டப்போகிறார்கள், ஓரிடத்தில் எத்தனை இரவு தங்குவீர்கள் என்பதை முதலில் முடிவுசெய்தால், நாடு கிட்டத்தட்டத் தானாகவே அமைந்துவிடும்.

மாதத்திலிருந்து தொடங்குகிறேன். பள்ளி செல்லும் பிள்ளைகள் இருந்தால் நமக்கு நீண்ட விடுமுறை என்பது ஏப்ரல், மே மாதங்கள்தான். கென்யாவிலும் தான்சானியாவிலும் மார்ச் முதல் மே வரை பெருமழைக் காலம். மண்பாதைகள் சேறாகும், புல் ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்கும், சில முகாம்களை மூடியே விடுவார்கள். விலை குறைவு என்று அந்த மாதங்களுக்கான சலுகைகள் வரும். முதல் பயணத்துக்கு அவற்றை எடுக்க வேண்டாம் என்பேன். அதே மே மாதம் க்ரூகரில் மழை நின்று வறண்ட காலம் தொடங்கும் நேரம். பகலில் இதமான வெயில், கொசு குறைந்துகொண்டே வரும், நீர்நிலைகளை நோக்கி விலங்குகள் வரத் தொடங்கும். ஆக, கோடை விடுமுறையில்தான் போக முடியும் என்றால் விடை தென்னாப்பிரிக்கா. யோசிக்கவே வேண்டாம்.

செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறையோடு சில நாள் சேர்த்து எடுக்க முடிகிறவர்களுக்கு இரண்டு பக்கமும் நல்ல காலம். புல் தேடி இடம்பெயரும் வில்டபீஸ்ட் மான் கூட்டங்கள் மாராவில் பெரும்பாலும் அக்டோபர் வரை இருக்கும், ஆகஸ்ட்டின் நெரிசல் கொஞ்சம் தணிந்திருக்கும். க்ரூகர் அப்போது வறட்சியின் உச்சத்தில் இருக்கும். மரங்கள் இலையுதிர்த்து நிற்பதால் வெகுதூரம் கண்ணுக்குத் தெரியும், தண்ணீர் இருக்கும் இடத்தில் போய் நின்றால் விலங்குகள் தாமாக வரும். டிசம்பர் அரையாண்டு விடுமுறை எல்லா இடத்திலும் விலை ஏறிய காலம். க்ரூகரில் அப்போது கடும் வெயிலும் அடர்ந்த பச்சையும். குட்டிகளும் பறவைகளும் நிறைய, பெரிய விலங்குகளைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

இப்போது நாடுகள்.

கென்யாவின் பலம், முதல்முறை போகிறவருக்கு எதுவும் தெரியாவிட்டாலும் பயணம் நடந்துவிடும் என்பது. மும்பையிலிருந்து நைரோபிக்கு நேரடி விமானம் உண்டு. விசாவுக்குப் பதிலாக 2024 ஜனவரி முதல் இணையவழி முன்அனுமதி மட்டும் போதும். நைரோபியில் இறங்கினால் ஓட்டுநரும் வழிகாட்டியுமான ஒருவர் காத்திருப்பார், கூரையை மேலே தூக்கும் வேனிலோ லேண்ட் க்ரூஸரிலோ கடைசி நாள் வரை அவர்தான் உங்கள் கண். அவர்களின் கண் சாதாரணக் கண் இல்லை. புல்வெளியில் எனக்குக் கறையான் புற்றாகத் தெரிந்தது, எங்கள் ஓட்டுநருக்கு உட்கார்ந்திருக்கும் சிவிங்கிப்புலியாக, அதாவது சீட்டாவாகத் தெரிந்தது. அவர் சொன்னதுதான் சரி. முதுமலையிலோ பந்திப்பூரிலோ சஃபாரி போனவர்களுக்கு ஒன்று தெரியும்: அடர்ந்த காட்டில் யானைகூட பத்தடி உள்ளே போனால் மறைந்துவிடும். மாராவின் திறந்த புல்வெளியில் அந்தத் தடையே கிடையாது. சிங்கம், சிவிங்கிப்புலி, கழுதைப்புலி மூன்றையும் ஒரே காலையில் பார்ப்பது அங்கே நடக்கக்கூடிய காரியம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மாரா காப்பகம் சுமார் 1,500 சதுர கிலோமீட்டர்தான். ஜூலை முதல் அக்டோபர் வரை உலகமே அங்கே வந்து நிற்கிறது. மாரா ஆற்றைக் கூட்டங்கள் கடக்கும் காட்சியைப் பார்க்க நாங்கள் ஒரு கரையில் நான்கு மணி நேரம் காத்திருந்தோம், சுற்றிலும் முப்பது நாற்பது வண்டிகள். கூட்டம் கரைவரை வந்தது, முகர்ந்து பார்த்தது, திரும்பிப் போய்விட்டது. அது இயற்கை, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆறு கடப்பதை மட்டுமே மனதில் வைத்து இரண்டு இரவுக்குப் போகிறவர்கள் ஏமாற்றத்தோடு திரும்ப வாய்ப்பு அதிகம். கட்டணமும் கனமானது. 2024 முதல் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கு ஜனவரி முதல் ஜூன் வரை நாளுக்கு 100 டாலர், ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். ஒரு சீட்டு 12 மணி நேரத்துக்கு. கணவனும் மனைவியும் செப்டம்பரில் மூன்று நாள் சுற்றினால், வண்டியும் தங்குமிடமும் இல்லாமல், நுழைவுக்கே 1,200 டாலர்.

நெரிசல் பிடிக்காதவர்களுக்கு, கையில் கொஞ்சம் கூடுதலாகப் பணம் இருந்தால், நல்ல வழி ஒன்று இருக்கிறது. மாராவை ஒட்டி நபோய்ஷோ, ஒலாரே மொட்டொரொகி, மாரா நார்த் போன்ற காப்பு நிலங்கள் உள்ளன. மசாய் இனக் குடும்பங்களின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, மாதாமாதம் அவர்களுக்குப் பணம் போய்ச் சேரும்படி நடத்துகிறார்கள். அங்குள்ள முகாம்களில் தங்குகிறவர்களுக்கு மட்டுமே அனுமதி. ஒரு விலங்கைச் சுற்றிப் பொதுவாக ஐந்து வண்டிக்கு மேல் நிற்க விடுவதில்லை. பாதையை விட்டு இறங்கிப் போகலாம், இரவிலும் சுற்றலாம், நடந்தும் போகலாம். காப்பகத்துக்குள் இவை எதற்கும் அனுமதி இல்லை. பணம் யாருக்குப் போகிறது என்பதை யோசித்தாலும் எனக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடிக்கிறது. சிங்கம் மாட்டை அடித்துவிட்டது என்று கோபப்படும் குடும்பத்துக்கே அந்தச் சிங்கத்தால் வருமானம் வருகிறது என்றால், சிங்கம் பிழைக்க வழி உண்டு.

தான்சானியாவும் அதே புல்வெளியின் நீட்சிதான், ஆனால் பரப்பே வேறு. செரெங்கெட்டி தேசியப் பூங்கா மட்டும் 14,763 சதுர கிலோமீட்டர், மாராவைப்போல் கிட்டத்தட்ட பத்து மடங்கு. பத்து லட்சத்துக்கும் மேலான வில்டபீஸ்ட்டுகள் வருடத்தின் பெரும்பகுதியைக் கழிப்பது இந்தப் பக்கம்தான். ஜனவரி கடைசி முதல் மார்ச் தொடக்கம் வரை தெற்கே நுடுட்டுவைச் சுற்றிய குட்டைப்புல் வெளியில் கன்று ஈனுகின்றன. சில வாரங்களுக்குள் லட்சக்கணக்கான கன்றுகள், அவற்றைக் குறிவைத்து வரும் சிங்கங்களும் சிவிங்கிப்புலிகளும். ஜூன் வாக்கில் மேற்கே குருமெட்டி ஆறு, அப்புறம் வடக்கே மாரா ஆறு. ஆறு கடப்பதை வடக்கு செரெங்கெட்டியிலிருந்தும் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

அத்துடன் நுகொரொங்கோரோ. எரிமலை உள்வாங்கி உண்டான கிண்ணம் அது. சுமார் 600 மீட்டர் ஆழம், அடித்தளம் 260 சதுர கிலோமீட்டர். அதற்குள் சிங்கம், யானை, எருமை எல்லாம் உண்டு. கருப்புக் காண்டாமிருகத்தைப் பார்க்கக் கிழக்கு ஆப்பிரிக்காவில் நல்ல வாய்ப்புள்ள இடங்களில் ஒன்று. ஒட்டகச்சிவிங்கி மட்டும் கிடையாது, செங்குத்துச் சரிவில் அதனால் இறங்க முடிவதில்லை. தங்கை குடும்பம் போனபோது விளிம்பிலிருந்து விடியற்காலையில் இறங்கியிருக்கிறார்கள், ஸ்வெட்டர் போட்டும் குளிர் விடவில்லையாம். விளிம்பு 2,300 மீட்டர் உயரம், கிட்டத்தட்ட ஊட்டியின் உயரம். கிண்ணத்துக்குள் இறங்க ஆள் கட்டணம் தவிர வண்டிக்கென்று வரியோடு சேர்த்து 295 டாலர் தனியாக வாங்குகிறார்கள்.

தான்சானியாவின் சிக்கல் நேரம்தான். அருஷா நகரத்திலிருந்து டரங்கிரே பூங்கா, நுகொரொங்கோரோ, செரெங்கெட்டி என்று போவதுதான் வழக்கமான வட்டம். அருஷாவிலிருந்து செரெங்கெட்டியின் நடுப்பகுதியான செரொனேராவுக்கு நேரே போனாலும் ஏழெட்டு மணி நேரம். நுகொரொங்கோரோ வாயில் வரை தார்ச்சாலை, அதற்கப்புறம் கல்லும் புழுதியும், குலுக்கல் நிற்காது. ஏழு இரவுக்குக் குறைவாக இருந்தால் இதை எடுக்காதீர்கள். ஏழு இரவு இருந்து, பணமும் இருந்து, முதுகும் ஒத்துழைத்தால், கிழக்கு ஆப்பிரிக்காவில் நான் சொல்லும் முதல் தேர்வு கென்யாவை விட இதுதான். இரண்டையும் ஒரே பயணத்தில் சேர்க்கும் ஆசை பலருக்கு வருகிறது, வரைபடத்தில் இரண்டும் ஒட்டியே இருக்கின்றன. ஆனால் மாராவிலிருந்து செரெங்கெட்டிக்குள் சுற்றுலாப் பயணிகள் நேரே நுழைய முடியாது. மேற்கே சுற்றி இசெபானியா எல்லைச்சாவடி வழியாகப் போக வேண்டும். ஒரு நாள் அதற்கே போய்விடும்.

சரி, க்ரூகர். இதைப்பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்லப்போகிறேன், ஏனென்றால் நம் ஊரில் இதைப்பற்றிய பேச்சே குறைவு.

க்ரூகர் கிட்டத்தட்ட 20,000 சதுர கிலோமீட்டர், வடக்கு தெற்காக 360 கிலோமீட்டர் நீளம். உள்ளே தார்ச்சாலை இருக்கிறது. ஜொஹானஸ்பர்க்கில் ஒரு சாதாரணக் காரை வாடகைக்கு எடுத்து ஐந்து மணி நேரம் ஓட்டினால் தெற்கு வாயிலில் நுழைந்துவிடலாம். அங்கும் நம்மைப்போல இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும், ஸ்டீயரிங் வலப்பக்கம். ஆர்டிஓவில் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி வாங்கிக்கொண்டு போனால் வாடகைக் கார் எடுப்பதில் தகராறு வராது. தார்ச்சாலையில் 50, மண்சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. குறிப்பிட்ட இடங்களைத் தவிர வேறெங்கும் காரை விட்டு இறங்கக்கூடாது. மாலை வாயில் மூடுவதற்குள் முகாமுக்குள் வந்துவிட வேண்டும், தாமதமானால் அபராதம்.

முகாம் என்றால் வேலி போட்ட சின்ன ஊர்போல. ஸ்குகுசா, லோயர் சாபி, சட்டாரா, ஒலிஃபண்ட்ஸ் என்று பெரிய முகாம்கள் பன்னிரண்டு இருக்கின்றன. வட்டக் குடில்கள், பல குடில்களில் அடுப்பும் பாத்திரமும் குளிர்பெட்டியும் உண்டு, கடை இருக்கும், பெட்ரோல் போடலாம். அம்மா ரசப்பொடியும் அரிசியும் கொண்டுவந்திருந்தார். தினமும் இரவு ரசம் சாதம், வேலிக்கு அப்பால் கழுதைப்புலியின் குரல். சைவம் சாப்பிடுகிறவர்களோடும் வயதானவர்களோடும் போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டினருக்கு நுழைவுக் கட்டணம் ஒரு நாளைக்குச் சுமார் 600 ரேண்ட், நம் பணத்தில் ஏறக்குறைய மூவாயிரம் ரூபாய். மாராவின் 200 டாலரோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

லோயர் சாபி முகாமுக்குப் பக்கத்தில் சன்செட் டேம் என்று ஒரு நீர்நிலை உண்டு, சாலையோரத்திலேயே. ஒரு மாலை அங்கே காரை நிறுத்தி எஞ்சினை அணைத்தோம். நீர்யானைகள் மூழ்குவதும் மூச்சு விடுவதுமாக இருந்தன, கரையில் முதலை ஒன்று வாயைத் திறந்தபடி அசையாமல் கிடந்தது. ஃபிளாஸ்க்கில் டீ இருந்தது. அரை மணி நேரத்தில் நான் சாவியைத் திருப்பப் போனேன். “எங்கடா போகணும்? இங்கேயே இருப்போம்” என்றார் அம்மா. இருந்தோம். ஒரு மணி நேரம் கழித்து எதிர்க்கரைப் புதரிலிருந்து யானைகள் வந்தன, ஒன்று, மூன்று, பதினொன்று. ஒரு குட்டி தும்பிக்கையால் குடிக்கத் தெரியாமல் வாயை நேரே தண்ணீரில் வைத்தது. இதை எந்த அட்டவணையிலும் போட முடியாது. நேரம் நம் கையில் இருந்ததால்தான் கிடைத்தது. அப்பா அந்தப் பயணத்துக்கு வரவில்லை, முதல் பயணத்தில் முதுகு பட்ட பாடு போதும் என்று சொல்லிவிட்டார். அந்த மாலையில் அவர் இருந்திருக்க வேண்டும். தார்ச்சாலையில் அவரால் சிரமமில்லாமல் உட்கார்ந்திருக்க முடிந்திருக்கும்.

க்ரூகரில் கஷ்டமும் உண்டு. புதர்க்காடு என்பதால் மாராவைப்போல வெகுதூரம் தெரியாது. கைடு இல்லாமல் போனால் சிங்கத்தைத் தாண்டியே போய்விடுவீர்கள், எதிரே வரும் காரை நிறுத்தி என்ன பார்த்தீர்கள் என்று கேட்கக் கற்றுக்கொள்ள வேண்டும். சிவிங்கிப்புலி அங்கே அரிது, எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால் முகாமிலேயே ஏற்பாடு செய்யும் விடியற்காலை, இரவுச் சவாரிகளில் இரண்டையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஏற்றமாட்டார்கள். பணம் பொருட்டில்லை என்றால் மேற்கு எல்லையை ஒட்டிய சாபி சேண்ட் தனியார் காப்பகத்தில் கடைசி இரண்டு இரவு தங்கலாம். நடுவில் வேலி 1993இலேயே எடுக்கப்பட்டுவிட்டது, விலங்குகள் இரண்டு பக்கமும் நடமாடும். சிறுத்தையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்றால் அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. இந்தியர்களுக்கு விசா முன்கூட்டியே எடுக்க வேண்டும், நாள் பிடிக்கும், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் கையில் இருக்கட்டும். இந்தியாவிலிருந்து நேரடி விமானம் இல்லை, துபாய், தோஹா, அடிஸ் அபாபா என்று எங்காவது மாறித்தான் போக வேண்டும்.

டர்பனில் உறவோ நட்போ இருப்பவர்களுக்கு இன்னொரு வழி. 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் போய்ச் சேர்ந்த ஊர் அது, தமிழ்க் குடும்பங்கள் அங்கே பல தலைமுறையாக இருக்கின்றன. அங்கிருந்து மூன்றரை மணி நேரத்தில் ஷ்லுஷ்லுவே-இம்ஃபலோசி. 1895இல் ஏற்படுத்தப்பட்ட காப்பகம், 960 சதுர கிலோமீட்டர். தெற்கத்திய வெள்ளைக் காண்டாமிருகம் அழிவின் விளிம்பில் நின்றபோது எஞ்சியவை இருந்த இடம் அதுதான். இன்று க்ரூகரிலும் மற்ற இடங்களிலும் காணும் வெள்ளைக் காண்டாமிருகங்கள் அங்கிருந்து 1960களில் பிடித்துக் கொண்டுபோகப்பட்டவற்றின் வழிவந்தவை. மூன்று இரவு போதும், அதுவும் நாமே ஓட்டிப் பார்க்கக்கூடிய காப்பகம்தான்.

போட்ஸ்வானாவின் ஒக்கவாங்கோவும் நமீபியாவின் எட்டோஷாவும் இரண்டாவது பயணத்துக்கு. ஒக்கவாங்கோவில் குறைந்த ஆள், அதிக விலை என்பதே கொள்கை, முகாமுக்கு முகாம் சிறு விமானத்தில் போக வேண்டியிருக்கும். எட்டோஷாவில் இரவு முழுக்க விளக்கு எரியும் ஒகாகுவேயோ நீர்க்குட்டையில் காண்டாமிருகத்தைப் பார்க்கலாம், ஆனால் சரளைக்கல் சாலைகளில் தினமும் நெடுந்தூரம் ஓட்ட வேண்டும். உகாண்டா, ருவாண்டா கொரில்லாப் பயணம் சஃபாரியே இல்லை, மலையேற்றம். 15 வயதுக்குக் கீழே அனுமதியும் இல்லை.

அறுபதைத் தாண்டிய பெற்றோரோடு போகிறவர்கள் தடுப்பூசி விஷயத்தைக் கட்டாயம் கணக்கில் எடுக்க வேண்டும். தான்சானியாவுக்கு விதி எப்படி என்று போகுமுன் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்; கென்யா போய்த் திரும்பினால் இந்தியாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் வேண்டும். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்துவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும், ஆனால் போட்ட பத்தாவது நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும். அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இந்த ஊசியில் பக்கவிளைவு வரும் வாய்ப்பு கூடுதல், முட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் ஆகாது, மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது. இந்தச் சான்றிதழ் கேட்கப்படும் நாடுகளின் பட்டியலில் தென்னாப்பிரிக்கா இல்லை. துபாய், தோஹா வழியாகப் போனால் ஊசியே தேவைப்படாது. மலேரியா மாத்திரை மூன்று நாட்டுக்குமே வேண்டும். கொசு நமக்குப் பழக்கம்தானே என்று விட்டுவிடாதீர்கள், அங்கே பரவுவது பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தான வகை. கைக்குழந்தையோடு போகிறவர்கள் மலேரியா இல்லாத மடிக்வே, பிலனெஸ்பெர்க் காப்பகங்களைப் பாருங்கள், இரண்டும் ஜொஹானஸ்பர்க்கிலிருந்து காரில் போகும் தூரம்தான்.

மூட்டை கட்டும்போது இரண்டு விஷயம். கென்யாவில் 2017 முதலும் தான்சானியாவில் 2019 முதலும் பிளாஸ்டிக் பைக்குத் தடை, மஞ்சப்பை கொண்டுபோங்கள். கருநீல, கருப்பு உடைகள் கடிக்கும் செட்சி ஈயை இழுக்கும், காக்கியும் பழுப்பும் நல்லது.

க்ரூகர் முகாம்களைப் பதினொரு மாதம் முன்னதாகவே பதிவு செய்ய முடியும், செப்டம்பர் மாதத்துக்கு லோயர் சாபியும் சட்டாராவும் சீக்கிரம் நிரம்பிவிடும். எங்கள் வீட்டில் அடுத்தது நுடுட்டு. கன்று ஈனும் பிப்ரவரியில் பள்ளி நடக்கும் என்பதால், மகள் பள்ளிப்படிப்பை முடிக்கும்வரை தள்ளிவைத்திருக்கிறோம். ஒரே முகாமில் ஐந்து இரவு. அருஷாவிலிருந்து சிறு விமானத்தில் போய்விட்டால் குலுக்கல் இருக்காது என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். அப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார், மருத்துவர் ஊசிக்குச் சரி சொன்னால்.